ஒரு ஆளுக்கு ஒரு தொழில்தான்னு யார் சொன்னது?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. தண்ணி பக்கத்துல வச்சுக்கோங்க :-)

"ரெண்டு தொழில் தெரிஞ்சவன் எதுலயும் உருப்பட மாட்டான்." இதை ஊர்ப் பெருசு யாராவது திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அதையே கெட்டி அட்டை போட்டு, கலர்ப் படம் போட்டு, ஐம்பது டாலருக்கு விதிப்புத்தகமாக விற்றால்? வரிசையில் நின்று வாங்குகிறோம். மூன்றாம் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்கிறோம். எதிர்த்துக் கேட்டால் "அது பேலன்ஸுக்காக பாஸ்" என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு மாயாஜாலக் கதையை நடத்துவது. ஒருவர் கேம் மாஸ்டர். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் பாட்டி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். சாகசம் முடிந்தால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். ஒரே ஆள் இரண்டு கிளாஸ் வைத்திருந்தால் மல்ட்டிகிளாஸ். அதற்கு என்ன விலை வைப்பது என்பதுதான் ஐம்பது வருடமாகத் தீராத பஞ்சாயத்து.

கிளாஸ் என்பதை 'வகுப்பு' என்று எழுதினால் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் ஞாபகம் வரும். அதனால் 'தொழில்' என்றே எழுதுகிறேன். இரண்டாவது ஞாபகமும் தப்பில்லை என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம்? நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். அம்மா வீடு மூணாறு எஸ்டேட். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். 1956 நவம்பர் 1ல் மாநிலங்களுக்குக் கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று அடிதடியே நடந்தது. கோடு ஒரு பக்கமாக விழுந்தது, ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எங்கள் ஊரில் இரண்டாக இருப்பது விசேஷ சக்தி இல்லை. காலையில் எழுந்தவுடன் செய்கிற வேலை.

சந்தைக்குப் போவோம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. செவ்வாயும் வியாழனும். கேரளா போகிற மாடுகளுக்குப் பெரிய சந்தை. அங்கே தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். துண்டை விரித்து, அதற்கு அடியில் கையைக் கோர்த்து, விரலாலேயே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் தரகர் பல்லைப் பிடித்து மாட்டின் வயசு சொல்வார். நடையைப் பார்த்துக் கால் கோளாறு கண்டுபிடிப்பார். விற்கிறவரிடம் கொங்குத் தமிழ், வாங்குகிறவரிடம் பாலக்காட்டு மலையாளம். யாருக்கு இன்று அவசரப் பணம் வேண்டும் என்பதும் அத்துப்படி.

இப்போது இவரை ஒரு விதிப்புத்தகத்தில் எழுதுங்கள் பார்ப்போம். வைத்தியன் லெவல் 2, வியாபாரி லெவல் 3, மொழிபெயர்ப்பாளர் லெவல் 1? அதாவது முழு வைத்தியரும் இல்லை, முழு வியாபாரியும் இல்லை, ஆறாம் லெவல் ஆசாமிகளுக்கு நடுவே அரைகுறை. சந்தையில் இதைச் சொன்னால் துண்டாலேயே அடிப்பார்கள்! பல் பார்க்கத் தெரிந்ததால்தான் அந்த விரலுக்கு மதிப்பு. இரண்டு மொழி தெரிந்ததால்தான் அந்தப் பல்லுக்கு விலை. இது கூட்டல் இல்லை, பெருக்கல். என் வாதம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அதற்குச் சாட்சி.

முதல் வரி: பிறப்பு வரி

1974 புத்தகத்தில் எல்ஃப் இனத்துக்கு மட்டும் ஒரு சலுகை. வீரனாகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே ஆட்டத்துக்குள் மாறக் கூடாது. அடுத்த சாகசத்துக்கு வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம். ஷிஃப்ட் முறை மாதிரி.

1978ல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பில் இதைப் பெரிய சட்டமாகவே ஆக்கினார்கள். எந்தத் தொழிலை எதனோடு கலக்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும். குள்ளர் இனத்தில் பிறந்தால் வீரன் – திருடன் கலவை மட்டும்தான். மந்திரம் படிக்கவே கூடாது. பாதி ஆர்க், பாதி மனிதனாகப் பிறந்தவர் பூசாரி ஆகலாம், ஆனால் நாலாவது லெவலோடு நிற்க வேண்டும். எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் அதற்கு மேல் படி இல்லை.

படிக்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பிறப்பைப் பார்த்துக் கருவறை வாசலில் நிறுத்துகிற விதி நமக்கு என்ன புதுசா? திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2017ல் தலித் பூசாரிகளை நியமித்தது. தமிழ்நாட்டில் 2021ல் பல சாதிகளிலிருந்தும் பயிற்சி பெற்றவர்கள் அர்ச்சகர் ஆனார்கள். 1978 புத்தகத்து அரை ஆர்க் பூசாரி மட்டும் இன்னமும் நாலாம் லெவலில் நின்றுகொண்டிருக்கிறார் பாவம். "கற்பனை உலகம்தானே" என்பார்கள். கற்பனையில்கூட இதைத்தான் கற்பனை செய்ய முடிந்தது என்பதுதான் என் புகார்.

இரண்டாம் வரி: மறதி வரி

அதே 1978 புத்தகத்தில் மனிதப் பாத்திரங்களுக்கு வேறு விதி. மனிதன் இரண்டையும் ஒரே நேரத்தில் வளர்க்க முடியாது. பழைய தொழிலை நிறுத்திவிட்டுப் புதியதை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கே பழைய தொழிலுக்கு வேண்டிய குணத்தில் 15, புதியதற்கு வேண்டிய குணத்தில் 17 இருக்க வேண்டும். 18தான் உச்சம் என்கிற ஆட்டத்தில் இது! இதற்கு மேல் இருக்கிறது உச்சக்கட்டம்: புதிய தொழிலில் பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய திறமையை எடுத்துப் பயன்படுத்தினால் அனுபவப் புள்ளி கட்.

ஒன்பதாம் லெவல் வீரன். நாற்பது பூதத்தை வெட்டியவன். மந்திரம் படிக்கப் போனான். உயிர் போகிற நேரத்தில் வாளை எடுத்தால், "நீ வாள் எடுத்துட்டே, உனக்கு இன்னிக்கு மார்க் இல்லை."

கடல் தாண்டி வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன? கனடாவில் இதற்குப் பெயரே உண்டு: 'கனடிய அனுபவம்'. வந்த புதிதில் ஒரு கம்பெனி (பேர் எதுக்கு, விடுங்க) என் ஒன்பது வருட அனுபவத்தைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, பூஜ்யத்துக்குத் தகுந்த சம்பளம் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அந்த ஒன்பது வருடத்தையும் வைத்துத்தான் பொட்டி தட்டச் சொன்னார்கள். திறமை வேண்டும், புள்ளி கிடையாது.

ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே, கனடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. பொறியாளர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு 2023ல் அந்த நிபந்தனையை எடுத்தது. அரசாங்கக் காகிதமே புரிந்துகொண்ட விஷயம் இது. ஆனால் 1978 விதியை "பழைய பதிப்பில் எவ்வளவு யதார்த்தம்!" என்று புகழ்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். யாருடைய யதார்த்தம் சார்?

மூன்றாம் வரி: கூட்டல் கணக்கு

2000ல் வந்த மூன்றாம் பதிப்பு ஒரு புண்ணியம் செய்தது. பிறப்பு வாசலை உடைத்தது. யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலையும் எடுக்கலாம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் எதில் ஏற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். கை தட்டலாம். ஆனால் கணக்கில் கோட்டை விட்டார்கள்.

பத்தாம் லெவலில் ஒரு முழு மந்திரவாதி. இன்னொருவர் வீரன் 5, மந்திரவாதி 5. முன்னவர் ஐந்தாம் படி மந்திரம் போடுவார். பின்னவர் மூன்றாம் படியில் நிற்பார். இருவரும் ஒரே தீக்கோள மந்திரத்தைப் போட்டால், முன்னவருக்குப் பத்துப் பகடை, பின்னவருக்கு ஐந்து. எதிரே வருகிற பூதம் பத்தாம் லெவலுக்கென்று அளந்து செய்தது. அதற்கு ஐந்து பகடை கொசுக்கடி. வாளிலாவது மிச்சம் உண்டா? அங்கேயும் முழு வீரனுக்கு +10, இவருக்கு +7. போதாததற்கு, தொழில்களுக்கு நடுவே ஒரு லெவலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் அபராதம் வேறு.

விளைவு? இரண்டையும் நேர்மையாகக் கற்றவன் தோற்றான். ஊறுகாய் மாதிரி ஒரு லெவல் தொட்டுக்கொண்டு ஓடியவன் ஜெயித்தான். முதல் லெவலிலேயே எந்தத் தொழில் அள்ளிக் கொடுக்கிறது என்று பார்த்து, அதை நக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போவது. பிறகு "மல்ட்டிகிளாஸ்காரன் எல்லாம் ஏமாற்றுக்காரன்" என்று விதி எழுதியவர்களே புலம்பினார்கள். நேர்மையான வழியை அடைத்தது யார்? 2003ல் பூசாரி – மந்திரவாதி இரண்டையும் சேர்த்து வளர்க்கிற 'மிஸ்டிக் தியர்ஜ்' போன்ற தனித் தொழில்களை வைத்து ஒட்டுப் போட்டார்கள். ஒட்டுப் போட்ட டயரில் எவ்வளவு தூரம் போக முடியும்?

2008 நாலாம் பதிப்பு இன்னும் கஞ்சம். இரண்டாம் தொழிலில் ஒரு துண்டு மட்டும் தருவோம், அதற்கும் உன் கையில் இருக்கிற ஒரு வாய்ப்பைச் செலவழி என்றது. 2014 ஐந்தாம் பதிப்பு பாதி திருந்தியது: பொதுத் தேர்ச்சி மொத்த லெவலைப் பொறுத்து ஏறும், இரு மந்திரத் தொழில்களின் சக்தியைச் சேர்த்து எண்ண ஓர் அட்டவணை உண்டு. ஆனால் இரண்டாவது அடி தருகிற வீரனின் திறமை அந்தத் தொழிலின் ஐந்தாம் லெவலில்தான். அதோடு வாசலில் ஒரு பலகை: சம்பந்தப்பட்ட குணத்தில் 13 இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது.

இந்த 13 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூணாறு ஞாபகம் வரும். 2015 செப்டம்பரில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை'. கம்பெனியோடு மட்டும் இல்லை, தங்கள் பேரில் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களோடும் மோதினார்கள். 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் அவர்களுக்கு 'கவர்ச்சி 13' இருக்கிறதா என்று யார் சோதித்தது? மலைச்சரிவில் கூடை சுமந்து சுமந்து, ஒரு கிலோவுக்கு எத்தனை குனிவு என்று உடம்பால் கணக்குத் தெரிந்தவர்கள். அந்தக் கணக்குதான் அவர்கள் வாதம். தலைவர் ஆவதற்காக அவர்கள் பறிப்பதை மறக்கவில்லை. பறித்ததால்தான் தலைவர் ஆனார்கள்.

"ஆனா பேலன்ஸ்?"

வந்துட்டீங்களா, வாங்க :-) எதிர்த்தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ஒருவனே எல்லாம் செய்தால், பூட்டுத் திறக்க மட்டும் வந்த திருடன் பாத்திரக்காரர் மேசையில் சும்மா உட்கார்ந்து கடலை கொறிக்க வேண்டுமா? எல்லோருக்கும் அவரவர் முறை வர வேண்டும் இல்லையா? வர வேண்டும். நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. அதில் ஒருவருக்கு முக்கியமான செயல் ஒன்றுதான். வாளும் மந்திரமும் தெரிந்தவர் இந்தச் சுற்றில் வெட்டுவார் அல்லது மந்திரம் போடுவார். இரண்டு தொழில் அவருக்கு இரண்டு ஜோடி கை தருவதில்லை, இரண்டு வழி தருகிறது. ஆக, அகலமாகக் கற்பது தானாகவே கட்டுப்படுகிற சக்தி. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அதற்கு விலை வைக்கத் தேவையே இல்லை.

உண்மையில் ஆட்டம் கெடுவது வேறு இடத்தில். இரண்டு தொழிலின் சக்தியும் ஒரே அடியில் போய்க் குவியும்போது. 2014 பதிப்பில் பாலடின் தன் தெய்வ அடிக்கு எந்த மந்திரச் சக்தியையும் எரிக்கலாம், ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப எரிக்கலாம். மந்திரச் சக்தி அதிகமாக உள்ள இன்னொரு தொழிலைச் சேர்த்தால் தீபாவளிதான். 2024 பதிப்பில் என்ன செய்தார்கள்? மல்ட்டிகிளாஸைத் தடுக்கவில்லை. அந்த அடியை ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் என்று மாற்றினார்கள். எல்லாத் தொழில்களின் உட்பிரிவையும் மூன்றாம் லெவலுக்குத் தள்ளி, முதல் லெவலில் அள்ளிக் கொடுப்பதைக் குறைத்தார்கள். அதாவது கெட்டுப்போன திறமையைத் திருத்தினார்கள், கற்றுக்கொண்டவனைத் தண்டிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஐம்பது வருஷம்!

சரியான விலை என்ன?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மொக்கைப் பதிவு ஆகிவிடும். விலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலத்தில் வாங்குங்கள், மறதியில் வாங்காதீர்கள்.

இதற்கு முன்னுதாரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1981ன் எளிய பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு தொழில். வாளும் உண்டு, மந்திரமும் உண்டு. இரண்டாம் லெவலுக்கு வீரனுக்கு 2000 புள்ளி, மந்திரவாதிக்கு 2500, எல்ஃபுக்கு 4000. தாமதமாகும், அவ்வளவுதான்.

1989 இரண்டாம் பதிப்பின் கணக்கு இன்னும் அழகு. சம்பாதித்த புள்ளியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 16,000 புள்ளியில் தனி வீரன் ஐந்தாம் லெவல், தனி மந்திரவாதி நாலாம் லெவல். இரண்டும் கற்றவருக்கு 8000, 8000. வீரன் 4, மந்திரவாதி 3. இரண்டிலும் ஒரே ஒரு படி பின்னால்! ஆரம்ப லெவல்களில் தேவையான புள்ளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பானதால் கிடைத்த லாபம் இது. (பிறப்பு வரி அப்போதும் இருந்தது என்பதை மறக்கவில்லை.) 2000ல் அந்த இரட்டிப்பைத் தூக்கியபோது இந்த அழகையும் சேர்த்துத் தூக்கிக் கடாசினார்கள்.

இங்கிலாந்தில் 1986ல் வந்த 'வார்ஹேமர்' ஆட்டம் வேறு வழியில் போனது. அங்கே தொழில் என்பது வாழ்க்கைப் பாதை. எலி பிடிப்பவனாக ஆரம்பிக்கலாம். அங்கிருந்து போகக்கூடிய அடுத்த தொழில்களின் பட்டியல் இருக்கும். மாறினால் கற்றது கூடவே வரும். எலி பிடித்தவன் என்பது அவமானம் இல்லை, மூலதனம்.

இதையெல்லாம் வைத்து எங்கள் சனிக்கிழமை மேசைக்கு நான் எழுதி வைத்திருக்கும் நாலு விதி:

1. பிறப்பைக் கேட்காதே. 13, 15, 17 எதுவும் வேண்டாம். யாரிடம் கற்றாய், எத்தனை நாள் கற்றாய் என்று மட்டும் கேள்.

2. இரண்டு தொழில் என்றால் இரண்டிலும் எப்போதும் ஒரு லெவல் பின்னால். மூன்று என்றால் இரண்டு லெவல். அதற்கு மேல் தண்டனை கிடையாது.

3. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு 'கூட்டுத் திறமை'. "இந்த இரண்டும் தெரிந்ததால் மட்டுமே என்னால் முடிவது" என்று விளையாடுபவர் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கேம் மாஸ்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைப் பயன்படுத்த ஒரு செயல் செலவாகும். தரகரின் துண்டு இங்கேதான் வரும்.

4. இரண்டு தொழிலுக்கும் இரண்டு கடமை. இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒரே நாளிலும் கூப்பிடுவார்கள்.

நாலாவது விதி கங்காணியிடமிருந்து வந்தது. கீழ்நாட்டுக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தவரும் அவரே, தோட்டத்தில் மேய்த்தவரும் அவரே, கடன்காரரும் அவரே. துரையிடம் இவர்களுக்காகப் பேசியவரும், இவர்களிடம் துரைக்காகப் பேசியவரும் அவரே. கூட்டுத் திறமை என்றால் இதுதான், அதன் கொடூரமும் இதுதான். கடன் கொடுத்தவனே மேஸ்திரியாகவும் இருந்தால் எந்தக் கூலியால் வாய் திறக்க முடியும்? இரண்டாக இருப்பது எப்போதும் நல்லது என்று நான் சொல்லவே இல்லை. அது சக்தி. சக்தியைக் கட்டுப்படுத்த வேண்டியது புள்ளியை வெட்டி இல்லை, இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வைத்து. கதைக்கும் அதுதான் தீனி. கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்காரரை வைத்து மூன்று சாகசம் நடத்தினேன். ஒரு பூதம்கூட வரவில்லை. தோட்டக்காரர் ஒரு பக்கம், ஏற்றி வந்த ஆட்கள் ஒரு பக்கம். யாரும் நடுவில் எழுந்து போகவில்லை.

விதி எழுதுபவர்களே, நீங்கள் எழுதுவது வெறும் பகடைக் கணக்கு இல்லை. ஒரு மனிதனுக்குள் எத்தனை பேர் இருக்கலாம், அதற்கு அவன் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறீர்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் உங்கள் மேசையில் உட்காருகிறார்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று ஏற்கெனவே மல்ட்டிகிளாஸாக வாழ்கிறவர்கள். அவர்களிடம் "ஒன்றைத் தேர்ந்தெடு, இல்லாவிட்டால் அபராதம்" என்று ஆட்டத்திலாவது சொல்லாமல் இருங்கள்.

டிஸ்கி 1: தனித் தொழில் பாத்திரங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. முழு நேரத் தவில் வித்வானைக் கும்பிடுகிறேன். தவில்காரர் சமைக்கக் கூடாது என்று சட்டம் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

டிஸ்கி 2: இரண்டாவது விதியில் மந்திரவாதி – பூசாரி ஜோடி கொஞ்சம் கை ஓங்குகிறது என்று எங்கள் மேசையில் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. கணக்கோடு வருபவர்களுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. "பேலன்ஸ்" என்ற ஒற்றை வார்த்தையோடு வருபவர்கள் அப்படியே திரும்பிப் போகவும் :-)